வியாழக்கிழமை பங்களா

ஜூன் 6, வியாழன்

இன்றைய பேய்ப்படத்தில் பங்களா ஏலகிரியில் இருக்கிறதாம். ஜன்னலுக்கு வெளியே தென்னை மரம் ஆடுகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏதோ வாடகை வீட்டில் எடுத்துவிட்டு, வாசலில் மலையூர் பெயர் எழுதிய பலகையை நட்டிருக்கிறார்கள். பார்ப்பவர்கள் எல்லாம் முட்டாள்கள் என்ற தைரியம்.

முப்பது வருடம் பூட்டிக் கிடந்த வீடாம். கதாநாயகன் உள்ளே வந்ததும் சுவிட்சைப் போடுகிறான், விளக்கு எரிகிறது. அத்தனை வருடம் மின்சாரக் கட்டணம் கட்டியது யார், பேயா? சோபாவின் மேல் போர்த்திய வெள்ளைத் துணி நேற்று சலவையிலிருந்து வந்தது போல் மடிப்புக் கலையாமல் இருக்கிறது. எலிப்புழுக்கை ஒன்றுகூட இல்லை. ஒட்டடை மட்டும், பஞ்சை இழுத்து ஒட்டியது போல், கேமரா பார்க்கும் மூலையில் தொங்குகிறது. பூட்டின வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அரக்கோணம், ஜோலார்பேட்டை, போத்தனூர் என்று என் கணவருக்கு மாற்றல் வந்த ஊரில் எல்லாம் பூட்டிக் கிடந்த ரயில்வே குவார்ட்டர்ஸைத் திறந்து கழுவிக் குடிபுகுந்தவள் நான்.

இருந்தும் ஒரு வியாழன் தவறாமல் பார்க்கிறேன். பேய்க்காக இல்லை. பேய் எல்லாப் படத்திலும் ஒன்றுதான்: தலைவிரி கோலம், வெள்ளைப் புடவை, முகத்தில் அரை டப்பா பவுடர். நான் பார்ப்பது வீட்டை. இரண்டு பக்கமும் வளைந்து இறங்கும் மாடிப்படி, ஆள் உயரக் கடிகாரம், யாரும் உட்காராத நீளமான சாப்பாட்டு மேஜை. முப்பது வருடம் அரசாங்கச் சுண்ணாம்பு அடித்து, நிலைப்படியில் எண் எழுதிய வீடுகளில் இருந்தவளுக்கு, செத்த பிறகும் விட்டுப் போக மாட்டேன் என்று ஒருத்தி பிடிவாதம் பிடிக்கும் வீடு எப்படி இருக்கும் என்று பார்க்கத் தோன்றாதா?

எதிர் ஃபிளாட் ஹில்டா வழக்கம்போல் மூன்று மணிக்கு முறுக்கு டப்பாவோடு வந்துவிட்டாள். சேலையூரில் இந்தக் கட்டடத்துக்கு நான் வந்த நாளிலிருந்து அவள் எதிர் வீடு. புருஷன் போய்விட்டார், ஒரே பிள்ளை பிரேம் ஓசூரில். என்னைவிட ஒரு வயது மூத்தவள், என்னை 'மாமி' என்கிறாள். படத்தில் கதவு திறப்பதற்கு முன்பே "ஐயோ மாதாவே!" என்று அலறுகிறாள். பேய் இன்னும் வரவே இல்லை. அதோடு படத்தைப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பிக் காலண்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்கிறாள். எங்கள் கான்வென்ட்டில் பாடம் நடக்கும்போது ஜன்னலைப் பார்த்தால் சிஸ்டர் அமலராணி வெளியே நிற்க வைத்துவிடுவார்.

ஜூன் 9, ஞாயிறு

கிரீஷ் டப்ளினிலிருந்து பேசினான். "அம்மா, அந்த சப்ஸ்க்ரிப்ஷனை உபன்யாசம் கேக்கறதுக்குன்னு போட்டுக் குடுத்தா, நீ பேய்ப்படமா பாத்துண்டு இருக்கியாமே?"

உபன்யாசம் செய்கிறவர் ஒரே கதையை மூன்று வாரம் இழுக்கிறார். பேய் இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடுகிறது என்றேன். பின்னால் என் மாட்டுப்பெண் சின்மயி சிரிப்பது கேட்டது.

ஜூன் 13, வியாழன்

இன்று படத்தில் ஒரே ஒரு இடம் நன்றாக இருந்தது. அதுவும் இசையமைப்பாளர் தூங்கிவிட்டதால் நேர்ந்திருக்கும். கதாநாயகி கண்ணாடி முன் தலை வாருகிறாள். கண்ணாடியில் அவளுக்குப் பின்னால் பேய் நிற்கிறது. இசை இல்லை, கதவுச் சத்தம் இல்லை, மூச்சு இல்லை. எனக்கே முழங்கை சில்லிட்டது.

ஹில்டா முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள். அலறவில்லை. நான் அவளைப் பார்த்தேன். காலண்டரைப் பார்த்தபடி, "தலை வாரிட்டாளா மாமி?" என்றாள்.

அப்புறம் காபி கொடுத்தேன். டம்ளரை மேஜையில் தேடி எடுத்து, விளிம்புக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். இதை எத்தனை மாதமாகச் செய்கிறாள்? நாகரிகம் இல்லாதவள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

அவள் அலறியது எல்லாம் வயலினைக் கேட்டு.

ஜூன் 14, வெள்ளி

கேட்டுவிட்டேன். சுற்றி வளைக்கவில்லை.

"நடுவுலதான் மாமி ஒரு கறுப்பு. ஓரத்துல எல்லாம் தெரியுது. காலண்டரைப் பாத்தா டிவி ஒரு மாதிரி வரும். ஆனா மூஞ்சி தெரியாது." போன கிறிஸ்துமஸிலிருந்தாம். டாக்டர் இனி திரும்பி வராது என்றுவிட்டாராம்.

என்னிடம் ஏன் சொல்லவில்லை?

"உங்ககிட்ட சொன்னா பிரேமுக்குத் தெரிஞ்ச மாதிரிதானே. அவன் கேட்டான்னா நீங்க மறைக்க மாட்டீங்க." படப்பைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தை அவன் ஏற்கெனவே பார்த்து வைத்திருக்கிறானாம். ஃபிளாட் அவன் பெயரில். "அங்க போனா நான் அப்படியே குந்திக்கினே செத்துப்போவேன். சத்தியமா சொல்லாதீங்க."

சத்தியம் எதுவும் செய்யவில்லை. அவனாக என்னைக் கேட்கப்போவதில்லை, நானாகப் போய்ச் சொல்லப்போவதும் இல்லை என்றேன். அது போதும் என்றாள்.

ஜூன் 20, வியாழன்

இரக்கப்பட்டு ஒன்றும் செய்யவில்லை. நிமிஷத்துக்கு ஒரு தரம் "இப்ப என்ன?" என்று கேட்பதைத் தாங்க முடியாமல்தான் நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஆனால் எதைச் சொல்வது? ஹாலில் பிளாஸ்டிக் ரோஜா. சுவரில் முன்னோர் படம், போன வாரம் வரைந்த வண்ணம் காயவில்லை, ஜமீன்தார் கையில் குவார்ட்ஸ் வாட்ச். இதையா ஒரு மனுஷி காதுக்குள் போடுவது? சொல்லும்போது பிளாஸ்டிக் ரோஜாவை எடுத்துவிட்டேன். முன்னோருக்கு வாட்சைக் கழற்றினேன். மாடிப்படிக்குத் தேக்குக் கைப்பிடி போட்டேன். அதன் முனையில் யாளி முகம், பலர் தொட்டுத் தொட்டு மூக்குத் தேய்ந்து போனது.

"அடேயப்பா. இவ்ளோ செலவு பண்ணி எடுத்திருக்கான்" என்றாள் ஹில்டா. அந்த டைரக்டருக்கு என்னால் ஒரு நல்ல பெயர். தகுதியில்லாதவன்.

ஜூலை 2, செவ்வாய்

காலையில் தீய்ந்த வாசனை. மீன் வாசனை எனக்குத் தெரியும், பத்து வருடமாக எதிர் வாசலிலிருந்து வருகிறது. இது துணி. ஓடினேன். ஹில்டா ஒரு பர்னரில் குழம்பு வைத்திருக்கிறாள். மற்ற பர்னர் அணைந்திருக்கிறது என்று நினைத்துப் பிடிதுணியை அதில் போட்டிருக்கிறாள். அது எரிந்துகொண்டிருந்தது. துணி பாதி போய், சுவர் அலமாரியின் காகிதத்தை நெருப்பு நக்கிக்கொண்டிருந்தது. பக்கெட்டை அப்படியே கவிழ்த்தேன். குழம்பும் போயிற்று.

"வஞ்சிரம் மாமி" என்று அழுதாள். உயிர் போயிருக்கும், வஞ்சிரத்துக்கு அழுகை!

அவள் அடுப்படிக்குள் நான் நின்றது இதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தேன்.

ஜூலை 4, வியாழன்

இன்றைய பங்களாவிலும் திறக்கக் கூடாத அறை. "மேல் மாடியில கடைசி ரூமுக்கு மட்டும் போகாதீங்க" என்று வேலைக்காரன் சொன்ன அடுத்த காட்சியில் எல்லாரும் அங்கேதான் போகிறார்கள். ஒரு படத்திலாவது, சரி, போக வேண்டாம் என்று இருந்துவிடுகிறார்களா? பார்க்கலாம்.

இதைச் சொன்னேன். ஹில்டா முறுக்கை மென்றுகொண்டே, "உங்க வீட்லயும் ஒண்ணு இருக்கே. நானும் பத்து வருஷமா போகாமதான் இருக்கேன்" என்றாள்.

என் தளிகை உள்ளை, சமையலறையைச் சொல்கிறாள். பெருமாள் பெட்டி, கோயிலாழ்வார், அங்கே இருக்கிறது. பெருமாள் எழுந்தருளியிருக்கும் இடத்தில் கண்டவர்களும் நுழைய முடியுமா? அது ஆசாரம், பேய்ப்படம் இல்லை என்றேன்.

"சும்மா தமாஷுக்குச் சொன்னேன், கோச்சிக்காதீங்க" என்றாள். எனக்குத் தமாஷாக இல்லை.

ஜூலை 13, சனி

பிரேம் வந்தான். அடுப்படிச் சுவரில் கறுப்பைப் பார்த்திருக்கிறான். நேரே என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான். பின்னாலேயே ஹில்டா.

"ஆன்ட்டி, நேரா கேக்கறேன். அம்மாவுக்குக் கண்ணு தெரியுதா, இல்லையா?"

"டேய், எனக்கென்னடா? கல்லு மாதிரி இருக்கேன்" என்றாள் அவள், அவன் நின்ற பக்கம் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்து.

"உங்கள கேக்கல. ஆன்ட்டிய கேக்கறேன்."

சொன்னேன். துணி எரிந்ததையும் சொன்னேன். வேறு என்ன செய்வது? அன்றைக்கு நான் கோயிலுக்குப் போயிருந்தால்? ஜலதோஷம் பிடித்து வாசனை தெரியாமல் இருந்திருந்தால்? ஒருத்தியின் பிடிவாதத்துக்காகக் கட்டடம் முழுதும் எரிய வேண்டுமா?

ஹில்டா எழுந்து, சுவரைத் தொட்டுக்கொண்டு தன் வீட்டுக்குப் போனாள். கதவைச் சாத்தும் சத்தம் இரண்டு வீட்டுக்கும் கேட்டது.

ஜூலை 18, வியாழன்

வரவில்லை. நான் தனியாகப் பார்த்தேன். ஊட்டியில் பங்களா. கால் மணி நேரத்தில் நிறுத்திவிட்டேன். இத்தனை மட்டமாகவா எடுப்பார்கள்?

ஜூலை 21, ஞாயிறு

கதவைத் தட்டினேன். மூன்றாம் தட்டுக்குத் திறந்தாள். கூடம் முழுதும் அட்டைப்பெட்டி. வெள்ளிக்கிழமை படப்பைக்குக் கூட்டிப்போகிறானாம்.

"என்ன மாமி? இன்னும் ஏதாச்சும் உண்மை பாக்கி இருக்கா?"

"தீப்பிடிச்சதே ஹில்டா—"

"தெரியும். நல்லதுதான் பண்ணே. போ." பத்து வருடத்தில் முதல் தடவையாக 'நீங்க' போயிற்று. "அங்க நல்லா பாத்துப்பாங்களாம். நீ போய் உன் பங்களாவப் பாரு."

சரி, அப்படியே இருக்கட்டும். எனக்கென்ன.

ஜூலை 23, செவ்வாய்

பிரேமிடம் சொல்லி, அந்த இல்லத்தை நானும் பார்க்கக் கூடவே போனேன். அவனுக்கு ஆச்சரியம். "ஆன்ட்டி, ரொம்ப டீசன்ட்டான இடம்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான்.

டீசன்ட்தான். வெள்ளை டைல்ஸ், வெள்ளைச் சுவர், பகலிலும் டியூப் லைட். தூசி இல்லை. நானே விரலால் ஜன்னல் கம்பியைத் தொட்டுப் பார்த்தேன், இல்லை. மேனேஜர் பெண் மாளவிகா மிகப் பவ்யம். ஆறு மணிக்குச் சாப்பாடு, எட்டு மணிக்கு விளக்கணைப்பு. டிவி உண்டு, "பக்தி சேனல் மட்டும் மேடம். மத்ததெல்லாம் பாத்தா பெரியவங்களுக்கு டிஸ்டர்ப் ஆகும்." மீன்? "ப்யூர் வெஜ் மேடம்" என்று என் நெற்றியைப் பார்த்து, எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னாள்.

கூடத்தில் சுவரோரமாக வரிசையாக நாற்காலி. அதில் வரிசையாக மனிதர்கள். ஒருவரும் பேசவில்லை. நாங்கள் நடந்தபோது கண்கள் மட்டும் எங்களோடு திரும்பின. பங்களாவில் மாட்டிய முன்னோர் படங்களின் கண்கள் அப்படித் திரும்பும். மட்டமான தந்திரம் என்று எத்தனை தடவை ஏளனம் செய்திருக்கிறேன்!

இத்தனை வருடத்தில் இத்தனை படம் பார்த்து ஒரு வீட்டுக்கும் நான் பயந்ததில்லை. இதிலிருந்து வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும் தண்ணீர் கேட்டேன்.

ஜூலை 24, புதன்

கிரீஷின் அறை காலியாக இருக்கிறது. வருடத்தில் பத்து நாள் வந்து, ஏ.சி. சரியில்லை என்று குறை சொல்வதற்கு ஒரு அறை. பிரேமைக் கூப்பிட்டுச் சொன்னேன். உன் அம்மா இங்கே இருக்கட்டும். நான் இருக்கிறேன், தீப்பிடிக்காது.

அவன் நெளிந்தான். "ஆன்ட்டி, அம்மாவுக்கு மீன் இல்லாம சோறு இறங்காது. உங்க வீட்ல..."

பின்பால்கனியில் தனியாக ஒரு மின்அடுப்பு, தனிப் பாத்திரம், தனிக் குழாய். நான் பக்கத்தில் நிற்பேன், மூக்கைப் பிடித்துக்கொண்டு. ஏற்பாடு சரிதானே?

ஹில்டாவைக் கேட்கச் சொன்னான். கேட்டேன். அவள் சிரித்தாள், சந்தோஷச் சிரிப்பு இல்லை. "பின்பால்கனிக்கு வழி எது மாமி?"

 வழி தளிகை உள் வழியாக மட்டும்தான். இந்தக் கட்டடத்தில் எல்லா ஃபிளாட்டிலும் அப்படித்தான்.

"நான் மீனைக் கையில வெச்சிக்கினு உங்க சாமி முன்னாடி எப்பிடிப் போறது? இல்ல, நான் வாசல்ல நிக்க, நீங்க என் மீனை எடுத்துட்டுப் போவீங்களா? வேணாம். எனக்கு அந்த மாதிரி இருக்க முடியாது. படப்பையிலயாச்சும் எல்லாரும் ஒண்ணு."

உலகத்தில் உள்ள பங்களாவின் அமைப்பெல்லாம் எனக்குத் தெரியும். எந்தப் படிக்கட்டு எங்கே போகிறது, எந்த அலமாரிக்குப் பின்னால் கதவு. என் வீட்டுக்கு வழி தெரியவில்லை. பிரேமிடம் இரண்டு வாரம் தவணை கேட்டேன். நான் யாரிடமும் எதையும் கேட்டதில்லை.

ஜூலை 27, சனி

கொத்தனார் எத்திராஜ் வந்தார். கிரீஷ் அறைச் சுவரை உடைத்துப் பால்கனிக்குத் தனிவழி வைக்க முடியுமா என்று கேட்டேன். தட்டிப் பார்த்தார்.

"இன்னா மாமி, இது பீமு. இத்த ஒடச்சா மேல் வூட்டுக்காரரு கட்டிலோட உங்க ரூமுக்குள்ள எறங்கிடுவாரு."

சினிமாவில் மட்டும் புத்தக அலமாரியைத் தள்ளினால் வழி வருகிறது.

ஜூலை 30, செவ்வாய்

இரண்டு நாளாக யோசனை. பெருமாளைக் கடந்து மீன் போக முடியாது. மீன் வேறு வழியில் போக முடியாது. அப்படியானால்?

அரக்கோணத்தில் பெருமாள் கூடத்தில் இருந்தார். ஜோலார்பேட்டையில் படுக்கையறை மாடத்தில். போத்தனூரில் மழை ஒழுகி, ஒரு மாதம் டிரங்குப் பெட்டியின் மேல். ஒவ்வொரு மாற்றலுக்கும் இடம் மாறினார், ஒரு தடவையும் ஆட்சேபிக்கவில்லை. ஆட்சேபித்தது நான்தான், அதுவும் ரயில்வேயிடம்.

ஹாலில் டிவி இருக்கும் சுவர் கிழக்குப் பார்த்தது, வாசலிலிருந்து தளிகை உள்ளுக்குப் போகும் வழியை விட்டு ஒதுங்கியது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

கோயிலாழ்வாரை ஹாலுக்கு மாற்றியாயிற்று. பெருமாளுக்கு எதிரே பேய்ப்படம் ஓட்ட முடியாது என்பதால் டிவி என் அறைக்கு.

கிரீஷ் ஃபோனில், "அம்மா, உனக்கு என்னம்மா ஆச்சு? அப்பா இருந்தா ஒத்துப்பாரா?" என்றான். அப்பா இருந்தால் டிரங்குப் பெட்டியைப் பிடித்துத் தூக்கியிருப்பார். சின்மயி ஃபோனை வாங்கி, "அம்மா, வாஸ்துப்படி சமையலறைல சாமி இல்லேன்னா..." என்றாள். அந்த வாஸ்துவை டப்ளினிலேயே வைத்துக்கொள் என்றேன்.

ஹில்டாவைக் கூட்டி வந்தேன். வாசல்படியில் நின்றுவிட்டாள். "நெசமாவா மாமி?" கையைப் பிடித்துத் தளிகை உள்ளுக்குள் இழுத்தேன். சுவரைத் தொட்டுத் தொட்டு வந்தாள். மேடை, தொட்டி, கதவு, பால்கனி. ஓரிடத்தில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தாள்.

"இவ்ளோதானா? நான் என்னமோன்னு நெனச்சிருந்தேன்."

திமிர்.

ஆகஸ்ட் 14, புதன்

குப்பம்மா காலையில் மீன் கூடையோடு எதிர் வீட்டைத் தட்டி, பூட்டியிருப்பதைப் பார்த்து, என் வாசலில் திகைத்து நின்றாள். ஹில்டா என் வீட்டுக்குள்ளிருந்து குரல் கொடுத்தாள்.

"இன்னாம்மா இது! அய்யரூட்ல மீனு வாங்குறாங்கன்னு சொன்னா எங்க குப்பத்துல எவனும் நம்ப மாட்டான்."

"ஐயர் இல்லை. ஐயங்கார்."

"இன்னாவோ ஒண்ணு. சங்கரா நல்லா கீது, எடுத்துக்குங்க. பாத்துகினே நிக்கிறீங்களே, கூடையில ஒரு கை குடுங்க!"

கொடுத்தேன். பிறகு கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் வாசனை போகவில்லை. ஹில்டா சாதத்தைப் பிசைந்துகொண்டே, சங்கராவில் உப்புக் குறைவு, நான் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டே இருந்ததால்தான் என்றாள்.

ஆகஸ்ட் 22, வியாழன்

இன்றைய படம் கேவலத்திலும் கேவலம். பங்களாவே இல்லை. பேய் குடியிருப்பது ஏதோ அடுக்குமாடியில் ஒரு வாடகை ஃபிளாட். ஸ்டிக்கர் ஒட்டிய தரை, இழுத்தால் பிய்ந்துவரும் அலமாரி. பதினோரு மாத ஒப்பந்தத்தில் இருக்கிற வீட்டை விட்டுப் போக மாட்டேன் என்று எந்தப் பேய் அடம் பிடிக்கும்? வீட்டுக்காரன் வாடகையை ஏற்றினால் தானே போய்விடாதா? டைரக்டருக்கு வீடு என்றால் என்ன என்றே தெரியவில்லை.

ஹில்டா என் கட்டிலில் தலையணையைச் சாய்த்து, பீரோவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். "வீடு எப்பிடிக் கீது மாமி?" என்றாள். குப்பம்மாவோடு பேசிப் பேசி வந்த பேச்சு. திருத்தவில்லை.

"மலைமேலே" என்றேன். "கேட்டிலேர்ந்து வீடு வரைக்கும் ரெண்டு பக்கமும் செண்பக மரம். ஹால் முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமா கல்லு, நடந்தா செருப்புச் சத்தம் கேக்கும். ஜன்னல்ல பச்சைக் கண்ணாடி. வெயில் உள்ள வந்து தரையில பச்சையா விழறது."

"ம்" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துப் படத்தில் டிங் என்று ஒரு மணி. ஒரு பெண்குரல், "தேர்ட் ஃப்ளோர். டோர் ஓப்பனிங்" என்றது.

ஹில்டா கண்ணைத் திறந்தாள். "பங்களாவுல லிஃப்டா?"

"பழைய பணக்காரா. வயசானவா ஏற முடியாதுன்னு வெச்சிருப்பா."

ஹில்டா டப்பாவைத் தேடி ஒரு முறுக்கை எடுத்து, பாதியை உடைத்து என் பக்கம் நீட்டினாள்.

"சரி. அப்ப மேல என்ன இருக்கு, சொல்லுங்க."

மேலே அழைத்துப் போனேன்.